ஆமா சார்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற பிள்ளைக்கு டை கட்டிவிட்டது வெர்னெட்டாதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு, அவளே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. விடியற்காலையிலிருந்து ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆவி பறக்கும் படுக்கை விரிப்புகளைப் புரட்டி மரத்துப்போன கை, வீட்டுக்கு வந்தும் இஸ்திரிப்பெட்டியைத்தான் பிடித்தது.

"கழுத்தை இறுக்குதும்மா," என்றான் ஒமாரி.

"இறுக்கட்டும். பார்த்த உடனே இவன் நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு அந்த ஆபீசருக்குத் தெரியணும்."

ஒமாரிக்குப் பதினாறு வயது. ஆறடி வளர்ந்துவிட்டான். முகம் மட்டும் இன்னும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு உயரம்தான் முதலில் தெரியும், கறுப்பு நிறம் அதற்கும் முன்னால் தெரியும், முகம் கடைசியாகத்தான் தெரியும். இந்தப் பயத்தோடுதான் வெர்னெட்டா தினமும் வேலைக்குப் போய் வந்தாள்.

அதனால்தான் அவனுக்குப் பத்து வயசாகும்போதே பாடம் எடுத்துவிட்டாள். அந்தத் தெருவில் ஆண்பிள்ளை பெற்ற கறுப்பு வீடு எதிலும் அந்தப் பாடம் உண்டு. போலீஸ் நிறுத்தினால் கை ரெண்டும் கண்ணுக்குத் தெரியணும். ஓடக் கூடாது. கேட்டதுக்குப் பதில் சொல்லணும். ஆமா சார், இல்ல சார். உயிரோட வீட்டுக்கு வந்து சேரு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். வெர்னெட்டாவின் அண்ணன் லூதர் எதிர்த்துப் பேசினவன். அவனைப் பற்றி அந்த வீட்டில் இதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

மதியம் சலவைக்கூடத்துக்கே போன் வந்திருந்தது. டிடெக்டிவ் ப்ரூயிட் பேசுகிறேன் என்றது குரல். குரலிலேயே தெரிந்தது, நம்ம கறுப்பு ஆள். "சிஸ்டர், பயப்படுற மாதிரி எதுவும் இல்ல. போன வாரம் பஸ் நிறுத்தத்துக்கிட்ட ஒரு பெரியவரைத் தள்ளிவிட்டுட்டு யாரோ பையைப் பிடுங்கிட்டு ஓடிட்டான். அவர் தலையில அடிபட்டு நினைவில்லாம ஆஸ்பத்திரியில இருக்கார். உங்க பையன் அந்த நிறுத்தத்துலதான் பஸ் ஏறுவானாமே. ஏதாவது கண்ணுல பட்டிருக்குமான்னு ரெண்டு கேள்வி. அவ்வளவுதான்."

'சிஸ்டர்' என்று அவர் சொன்ன விதத்தில் வெர்னெட்டாவுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது.

தெருக்கோடியில் மூலைக்கடை. கடைக்காரர் போர்ட்டோ ரிக்கோக்காரர். அவர் மகள் யாரிட்சா வாசலில் வாழைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். வயசு பத்தொன்பது, நாக்குக்கு மட்டும் நாற்பது. சனிக்கிழமைகளில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து நூலகத்தின் அடித்தளத்தில் வகுப்பு நடத்துகிறவள் அவள். போலீஸ் கேள்வி கேட்டால் உனக்கு என்ன உரிமை, எப்போது வாயைத் திறக்கலாம், எப்போது மூடணும் என்று அந்த வட்டாரத்துக் கறுப்புப் பிள்ளைகளுக்கும் அவளுடைய ஆட்களின் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒமாரியும் போய்வந்தான். ஓசி பீட்சாவுக்குப் போகிறான் என்று வெர்னெட்டா விட்டுவிட்டாள்.

"என்ன ஒமாரி, கோட்டெல்லாம் தூள் பறக்குது! பொண்ணு யாருடா?" என்றாள் யாரிட்சா.

"ஸ்டேஷனுக்குப் போறோம்."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "கூட எந்த வக்கீல் வர்றாங்க?"

"வக்கீல் எதுக்குடி? தப்பு பண்ணவன் தேடுறதுதான் வக்கீல்," என்றாள் வெர்னெட்டா.

"மிஸ் வெர்னெட்டா, தப்பு பண்ணவனுக்காவது எதைச் சொல்லக் கூடாதுன்னு தெரியும். தப்பு பண்ணாதவனுக்கு அதுவும் தெரியாது. ஒரே ஒரு போன் போடறேன், எங்க வக்கீலக்கா வர்ற வரைக்கும் இருங்க."

"உன் சட்டத்தை அந்த வாழைக்காய்கிட்டச் சொல்லு, கேட்டுக்கும்."

"அவங்க பொய் சொல்வாங்க, மிஸ் வெர்னெட்டா! கேமராவில பார்த்தோம்பாங்க, கேமராவே இருக்காது. இந்த மாநிலத்துல சட்டமே அதுக்கு இடம் கொடுக்குது!"

வெர்னெட்டாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "பேட்ஜ் குத்தினவன் பெத்தவ முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வானா? அதுக்கு ஒரு சட்டம் வேறயா? போடி, வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதே."

ஒமாரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். யாரிட்சா பின்னாலிருந்து கத்தினாள்: "வக்கீல் வேணும்னு உன் வாயால முழுசாச் சொல்லணும்டா! தயங்கித் தயங்கிச் சொன்னா செல்லாது, அம்மா சொன்னாலும் செல்லாது!"

ஸ்டேஷனில் அவர்களை உட்காரவைத்த அறைக்கு ஜன்னல் இல்லை. ஒரு மேசை, நாலு நாற்காலி, கூரை மூலையில் சின்னதாக ஒரு கேமரா. ப்ரூயிட் உள்ளே வந்தபோது வெர்னெட்டா எழுந்தே நின்றுவிட்டாள். ஐம்பது வயசிருக்கும், நரைத்த மீசை, சர்ச்சில் முன் வரிசையில் உட்காருகிற ஆள் போல நிமிர்ந்த முதுகு.

"உட்காருங்க சிஸ்டர். அடேயப்பா, டையெல்லாம் கட்டி வந்திருக்கானே! எங்கம்மாவும் இப்படித்தான், பல் டாக்டர்கிட்டப் போறதுக்குக்கூட எனக்கு டை கட்டிவிடும்."

வெர்னெட்டா சிரித்தாள். ஒமாரி சிரிக்கவில்லை.

ப்ரூயிட் ஒரு தாளை எடுத்து வேகவேகமாக வாசித்தார். பேசாமல் இருக்க உரிமை உண்டு, வக்கீல் கேட்க உரிமை உண்டு. "எல்லாருக்கும் வாசிக்கிறதுதான் சிஸ்டர், வெறும் சம்பிரதாயம்," என்று சொல்லிக் கையெழுத்துக்கு நீட்டினார். வெர்னெட்டா போட்டாள். ஒமாரி பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"சார், நான் வந்து... வக்கீல் ஒருத்தர்..."

"ஒமாரி!" வெர்னெட்டா மேசைக்கு அடியில் அவன் முழங்காலைக் கிள்ளினாள். "ஆபீசர் மரியாதையாப் பேசுறார். மரியாதையாப் பதில் சொல்லு. மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

"பிள்ளைன்னா இப்படி வளர்க்கணும்," என்றார் ப்ரூயிட்.

ஒமாரி கையெழுத்துப் போட்டான்.

முதலில் பள்ளிக்கூடம், கூடைப்பந்து, எந்த பஸ் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. அன்றைக்கு அந்த நிறுத்தத்தில் நின்றாயா? ஆமா சார். பெரியவரைப் பார்த்தாயா? பார்த்த ஞாபகம் இல்ல சார். யோசித்துச் சொல். பார்த்திருக்கலாம் சார். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. வெர்னெட்டாவுக்கு அடிவயிறு முட்டியது. கழிவறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு, இவர் முடிக்கட்டும் என்று காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ப்ரூயிட் நாற்காலியை இழுத்து ஒமாரிக்குப் பக்கத்தில் போட்டார். குரல் இறங்கியது.

"தம்பி, நான் சுத்தி வளைக்கல. எதிர்க்கடைக் கேமராவில நீ இருக்கே. நீ தள்ளுறது தெளிவாத் தெரியுது. உன் போட்டோவைக் காட்டினோம், அந்தப் பெரியவர் இவன்தான்னு விரலை வச்சுட்டார்."

வெர்னெட்டாவின் காதுக்குள் சலவை இயந்திரம் ஓடுகிற இரைச்சல்.

"நான் இல்ல சார்! அம்மா, நான் இல்லம்மா!"

"சிஸ்டர், நானும் பிள்ளை பெத்தவன்," என்றார் ப்ரூயிட். "இது கொலைகாரப் பிள்ளை இல்ல. ஏதோ ஒரு நிமிஷத்துப் புத்தி. இப்ப ஒத்துக்கிட்டான்னா சின்னப்பையன் தப்புன்னு போயிரும். அந்தப் பெரியவர் செத்துட்டா, பெரியவங்க கோர்ட்டுக்குப் போகும். அதுக்கப்புறம் என் கையில எதுவும் இல்ல. வாங்க, ஜெபம் பண்ணுவோம்."

ஒரு கையால் வெர்னெட்டாவின் கையைப் பிடித்தார், இன்னொரு கையால் ஒமாரியின் கையை. கண்ணை மூடினார். ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் நாவைத் திறந்தருளும், உண்மை இவனை விடுதலையாக்கட்டும் என்றார். நல்ல குரல். சர்ச்சில் அந்தக் குரலுக்கு ஆள் ஆளாய் எழுந்து நிற்பார்கள். வெர்னெட்டா பழக்கத்தில் வரிக்கு வரி 'ஆமென்' சொன்னாள். மூன்றாவது ஆமெனில் அழுகை வந்துவிட்டது.

அந்த அழுகையோடுதான் அவள் அதைச் சொன்னாள். "ஒமாரி, பண்ணியிருந்தா பண்ணேன்னு சொல்லிருடா. அம்மா உன்னை விட்டுற மாட்டேன். சொல்லிரு கண்ணா."

ஒமாரி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வடிந்து போயிற்று. தோள் இறங்கிவிட்டது.

"நான் ஒத்துக்கிட்டா அம்மா வீட்டுக்குப் போகலாமா சார்?"

"ரெண்டு பேருமே போகலாம் தம்பி. நீ அவருக்குப் பின்னால நின்னே, இல்லையா?"

"ஆமா சார்."

"பையை அவர் வலது தோள்ல போட்டிருந்தார்."

"ஆமா சார்."

"கொல்லணும்னு நினைக்கல, சும்மா பையை இழுத்தே. அவர் விடல. நீ தள்ளினே."

"ஆமா சார்."

"தனியா இருந்தார் மனுஷன், பாவம். அவரைச் சுத்தி யாருமில்லை."

"ஆமா சார்."

வெர்னெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை பாதியில் நின்றது. என்ன இது? மகன் ஒன்றுமே சொல்லவில்லையே. எல்லாவற்றையும் சொன்னது அந்த ஆள். பையன் வாயிலிருந்து வந்தது ரெண்டே வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தையையும் அவன் வாயில் வைத்தவள் யார்? சமையலறையில் நிற்கவைத்து, தான் போலீஸ்காரனாக நடித்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தவள் யார்? சரியாகச் சொன்னதற்கு வறுத்த மீன் வைத்துக் கொடுத்தவள் யார்?

"ஒமாரி," என்றாள். ப்ரூயிட் கையை உயர்த்தி அவளை நிறுத்தப் பார்த்தார். அவள் நிற்கவில்லை. "ஒமாரி, அந்தப் பெரியவர் கையில ஒரு நாய் இருந்துச்சே, வெள்ளை நாய். அது உன்னைக் கடிக்க வந்துச்சா?"

"ஆமா மேடம்," என்றான் ஒமாரி.

பெற்ற தாயை மேடம் என்றான். கண் எங்கேயோ சுவரில் இருந்தது.

ப்ரூயிட் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சிஸ்டர், இப்படிக் குறுக்கே பேசினா பையனுக்குத்தான் குழப்பம்..."

"நாயே இல்லன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் இப்ப இட்டுக்கட்டினது அது. அதுக்கும் ஆமாங்கறான்." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அந்தப் படத்தைப் போடுங்க."

"எந்தப் படம்?"

"இவன் தள்ளுற படம். நான் பெத்தவ. முகம் தெரியலைன்னாலும் நடையை வச்சே சொல்லிருவேன். இவனா இருந்தா நானே சொல்றேன் இவன்தான்னு. போடுங்க."

"அதை இப்பக் காட்ட முறையில்ல."

"சரி. அந்தப் பெரியவர் விரலை வச்சார்னு சொன்னீங்க. எப்ப? அவருக்கு நினைவு வந்திருச்சா?"

ப்ரூயிட் மேசைமேலிருந்த தாளை மடித்தார். வெர்னெட்டா இன்னும் முன்னால் சாய்ந்தாள்.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணீங்க. அந்த ஆண்டவர் பேரைச் சொல்லிக் கேக்கறேன். படம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அந்த மனிதர் இல்லை என்று கத்தியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். உண்டு என்று இன்னொரு பொய் சொல்லியிருந்தாலும் தாங்கியிருக்கும். அவர் கோபப்படவில்லை, தலைகுனியவும் இல்லை. விடுமுறை எத்தனை நாள் என்று கேட்ட கூலியாளுக்கு மேஸ்திரி பதில் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்:

"மேடம், இந்த அறையில சட்டம் எனக்கு எதை அனுமதிக்குதோ, அதைத்தான் நான் செய்யறேன்."

சிஸ்டர் போய் மேடம் வந்துவிட்டது.

மூலைக்கடைப் பெண் சொன்னது அப்படியே நிஜம். பொய் சொல்வார்கள், சட்டம் இடம் கொடுக்கும். நம்ம ஆள், நரைத்த மீசை, கையைப் பிடித்துக் கண்ணை மூடினவர். இவருக்கு இது தினசரி வேலை. அவள் விரிப்புப் புரட்டுகிற மாதிரி இவர் பிள்ளைகளைப் புரட்டுகிறார்.

"ஒமாரி." அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அம்மாவைப் பாரு. சனிக்கிழமை வகுப்புல என்னமோ சொல்லிக்கொடுத்தாங்களே. அதைச் சொல்லு."

"நீதானேம்மா சொல்லாதேன்னே."

"நான் மடச்சி. சொல்லு. நான் சொன்னாச் செல்லாதாம், உன் வாயாலதான் வரணுமாம்."

ப்ரூயிட் மெல்லக் குறுக்கிட்டார்: "தம்பி, நல்லா யோசி. வக்கீல்னு வந்துட்டா நான் உனக்கு உதவி பண்ண முடியாது."

"நான்..." ஒமாரி நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்புறம் கேமராவைப் பார்த்தான். "நான் இனிமே எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன். எனக்கு வக்கீல் வேணும். வக்கீல் இல்லாம நான் பேச மாட்டேன், சார்."

ப்ரூயிட் எழுந்தார். நாற்காலியை அது முதலில் இருந்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அவ்வளவுதான். இத்தனை நேரம் நகராத மலை ஒரு வாக்கியத்துக்கு நகர்ந்துவிட்டது.

"நாங்க... நாங்க போகலாமா?" என்று கேட்டாள் வெர்னெட்டா. கேட்கும்போது அவளுக்குக் கைது, விலங்கு, கம்பிக்கதவு எல்லாம் கண்ணில் வந்து போயின.

"தாராளமா," என்றார் ப்ரூயிட். "வந்ததிலிருந்தே போகலாம் மேடம். நீங்களா வந்தீங்க. கதவு பூட்டவே இல்லையே."

வெர்னெட்டா கதவைப் பார்த்தாள். கைப்பிடியைத் திருகினாள். திறந்துகொண்டது.

ஒரு குழந்தை கூடத் திறந்திருக்கும். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம், ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு, கண் முன்னால் பிள்ளையை உரிக்கவிட்டு, ஆமென் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆட்கள் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ காரில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனான். உலகம் இப்படி இருப்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் ஒமாரியின் போன் அடித்தது. யாரிட்சா. அவன் எடுத்துப் பேசாமல் அம்மாவிடம் நீட்டினான்.

"மிஸ் வெர்னெட்டா? எங்க இருக்கீங்க? வக்கீலக்கா இங்க கடைக்கே வந்துட்டாங்க. அவன் எதுவும் பேசலையே?"

"பேசினான்."

"என்ன பேசினான்?"

"பேச வச்சேன்டி. நான்தான் பேச வச்சேன்."

ஒரு ஏச்சுக்கு வெர்னெட்டா காத்திருந்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். ஏச்சு வரவில்லை. போன் கை மாறியது. வக்கீல் பெண் நிதானமான குரலில் கேட்டாள், அறையில் கேமரா இருந்ததா, என்னவெல்லாம் கேட்டார்கள், கடைசியில் அவன் என்ன சொன்னான். நாயைப் பற்றிச் சொன்னபோது அந்தக் குரல் குறுக்கிட்டது. "நாயா? பதிவுல அது இருக்கா?" என்றது. "இருக்கும். கேமராவை அவர் நிறுத்தினதை நான் பார்க்கலை." "அது நமக்கு உதவலாம். ஆனா மிச்ச ஆமாவும் அங்கதான் இருக்கு மிஸ் வெர்னெட்டா. அதை யாரும் அழிக்க மாட்டாங்க. திரும்ப அவனைத் தேடி வரலாம். வந்தா எனக்குத்தான் முதல் போன். நேரா இங்க வாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒமாரி டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"வகுப்புல யாரிட்சா போலீஸ்காரியா நடிப்பா," என்றான், சாலையைப் பார்த்துக்கொண்டே. "ஒவ்வொருத்தரையா உட்கார வச்சு, நீ மிட்டாய் திருடினேம்பா. விளையாட்டுத்தான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் ஆரம்பிப்போம். கடைசியில பாதிப் பேர் ஒத்துக்குவாங்க. நானும் ஒத்துக்கிட்டேன். மிட்டாயே கிடையாதும்மா அங்க."

"அதனால அவர் பொய் சொன்னது எனக்குப் பெருசாப் படல. சொல்வார்னு தெரியும். அதுக்குத் தயாராத்தான் இருந்தேன்." டையை அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். "நீ நம்பினியாம்மா? நான் அந்தத் தாத்தாவைத் தள்ளினேன்னு?"

இல்லடா என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த ஒரு சாயங்காலத்தில் அவன் காதில் விழுந்த பொய் போதும் என்று தோன்றியது.

"நம்பினேன்," என்றாள். "கொஞ்ச நேரம்."

"எவ்வளவு நேரம்?"

"ஜெபம் பண்ணினப்ப. அப்புறம் நீ ஆமா ஆமான்னு சொல்ல ஆரம்பிக்கிற வரைக்கும்."

ஒமாரி தலையை ஆட்டினான். கோபப்படவில்லை, அழவில்லை. கணக்கு சரிதான் என்பது போல ஆட்டினான்.

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. எத்தனை கூட்டமானாலும் அவளுடைய முழங்கையைப் பிடித்து முதலில் அவளைத்தான் ஏற்றிவிடுவான் ஒமாரி. அவள் தோள் உயரத்துக்கு வளர்ந்த நாளிலிருந்து அந்தப் பழக்கம். இன்றைக்கு அவன் முன்னால் ஏறி உள்ளே போனான். வெர்னெட்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறினாள்.